கணனியின் களஞ்சியம் எமது காணி உறுதியைக் காக்குமா?

சென்ற மாரியில் ஒரு தாயும் மகனும் எம்மிடம் வந்தனர். கீரிமலை அவர்களுடைய சொந்த ஊர். 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறியபோது அந்தத் தாய் அடுப்பில் இருந்த சோற்றைக்கூட இறக்காமல் புறப்பட்டவர். ஆயினும், ரங்குப் பெட்டிக்குள் இருந்த காணி உறுதியை மட்டும் சொப்பிங் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார். முதலில் மல்லாகம், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சி, பின்னர் வன்னி, மீண்டும் சுன்னாகம் என இடம் மாறிக்கொண்டே இருந்தபோதும் அந்தக் கடதாசி அவருடனேயே இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னர் மகன் அந்த உறுதியைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். இனிப் பயமில்லை என்று கடதாசியைக் கொட்டில் வளையில் செருகி வைத்துவிட்டனர். அதைக் கறையான் தின்றது. சில மாதங்களின் பின் கைத்தொலைபேசி கிணற்றுக்குள் விழுந்தது. பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார்.

"பாதர், உறுதி போனுக்கை பத்திரமாய்க் கிடக்கெண்டுதான் இருந்தனாங்கள். முப்பது வருசமாய் நான் காத்த கடதாசியை அந்தப் பெட்டி மூண்டு வருசங்கூடக் காக்கேல்லையே, ஏன்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

இது நியாயமான கேள்வி. இன்று எமது குடும்பங்களில் பலவும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உறுதி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றைக் கைத்தொலைபேசியிலும் பென்ட்றைவிலும் வைத்திருக்கின்றன. ஆனால், அவை அங்கே எவ்வாறு இருக்கின்றன, எதனால் அழிகின்றன என்பதை எவரும் எமக்குச் சொல்லித் தருவதில்லை. ஆகவே, அதனை இக்கட்டுரையில் முடிந்தவரை எளிமையாக விளக்க விரும்புகிறோம்.

முற்றமும் களஞ்சியமும்

மிளகாய் பழுத்ததும் பிடுங்கி முற்றத்தில் பாய் விரித்துக் காயப் போடுகிறோம். கிண்டுவதும் தெரிவதும் பிரிப்பதும் முற்றத்தில்தான் நடைபெறும். மாலையில் முகில் கறுத்தால் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே வைக்கிறோம். அள்ளாமல் விட்டால் ஒரே மழையில் எல்லாம் போய்விடும்.

கணனிக்கும் கைத்தொலைபேசிக்கும் இவ்வாறே இரண்டு இடங்கள் உள்ளன. வேலை நடைபெறும் முற்றத்தை முதன்மை நினைவகம் என்பர். அது மிக வேகமானது. ஆனால், மின்சாரம் நின்ற கணமே அதில் இருந்தவை அழிந்துவிடும். கடிதம் ஒன்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கடிதமும் போவது இதனாலேயே. மற்றையது களஞ்சியம். அதனைத் துணை நினைவகம் அல்லது இரண்டாம் நிலைச் சேமிப்பகம் என்பர். மின்சாரம் இல்லாவிட்டாலும் வைத்தது அங்கே இருக்கும். 'சேமி' என்ற பொத்தானை அழுத்துவது முற்றத்தில் இருப்பதை அள்ளிக் களஞ்சியத்தில் வைப்பதற்கு ஒப்பானது.

வன்தட்டு, இறுவட்டு, பென்ட்றைவ், மெமறிக் காட், கைத்தொலைபேசிக்குள் இருக்கும் சேமிப்புச் சில்லு ஆகிய அனைத்தும் இக்களஞ்சிய வகையைச் சேர்ந்தவை.

இரண்டே குறிகள்

கணனிக்கு அ, ஆ தெரியாது. அது அறிந்தவை இரண்டே குறிகள்: 0, 1. உங்கள் வேலியில் எட்டுக் கதியால்கள் வரிசையாக நிற்கின்றன என வைத்துக்கொள்வோம். துளிர்த்த கதியால் 1, பட்டுப்போன கதியால் 0. எட்டுக் கதியால்களில் எது துளிர்த்தது, எது பட்டது என்பதை மாற்றி மாற்றிப் பார்த்தால் 256 விதமான வரிசைகள் கிடைக்கும். இவ்வாறான எட்டுக் குறிகள் சேர்ந்ததே ஒரு பைற். இன்று பெரும்பாலும் வழங்கும் முறையில் தமிழ் 'அ' என்ற ஓர் எழுத்தை வைப்பதற்கு மூன்று பைற், அதாவது 24 கதியால்கள் வேண்டும். உறுதியின் ஒளிப்படம் ஒன்றுக்கு 30 இலட்சம் பைற் வரை தேவைப்படலாம். பத்து இலட்சம் பைற்றை ஒரு மெகாபைற் என்றும், ஆயிரம் மெகாபைற்றை ஒரு கிகாபைற் என்றும் கூறுவர்.

ஆகவே, ஒரு பொருள் களஞ்சியமாகப் பயன்பட மூன்று தகுதிகள் வேண்டும். அதில் இரண்டு விதமான குறிகளை இடக்கூடியதாக இருக்க வேண்டும். இட்ட குறியைத் திரும்ப வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மின்சாரம் நின்ற பின்னரும் குறி மாறாதிருக்க வேண்டும். இதற்கு மனிதர் கண்ட முக்கியமான வழிகள் மூன்று: காந்தம், ஒளி, மின்னேற்றம்.

காந்தத்தால் எழுதுவது

1990 தொடக்கம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் செய்தி கேட்டோம். டைனமோவுக்குள் இருப்பவை ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளுமே. கம்பிச்சுருளின் அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் தோன்றும். மறுதலையாக, கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடினால் அது காந்தமாக மாறும். இவ்விரண்டு உண்மைகளும் தெரிந்தால் வன்தட்டின் அடிப்படை விளங்கிவிடும்.

பாட்டுக் கேட்ட கசெற் நாடாவில் பழுப்பு நிறமாகப் பூசப்பட்டிருந்தது இரும்பு ஒட்சைட்டு. சிறிய கம்பிச்சுருள் ஒன்றில் மின்சாரம் ஓடும்போது, அதன் அருகே செல்லும் நாடாவில் நுண்ணிய காந்தங்கள் உண்டாகும். பின்னர் அதே நாடா வாசிக்கும் சுருளின் அருகே ஓடும்போது அக்காந்தங்கள் சுருளில் மின்சாரத்தை எழுப்பும். டென்மார்க் நாட்டவரான வால்டெமார் போல்சன் 1898 இலேயே உருக்குக் கம்பியில் இவ்வாறு குரலைப் பதிந்து காட்டினார்.

வன்தட்டில் நாடாவுக்குப் பதிலாக அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ செய்த வட்டத்தட்டு இருக்கும். அதன்மேல் மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். படலத்தின் ஒரு சிறு இடம் ஒரு திசையில் காந்தமாகும், அல்லது எதிர்த் திசையில் காந்தமாகும். இத்திசைகளே எமது துளிர்த்த கதியாலும் பட்ட கதியாலும். முன்னைய வன்தட்டுகள் டைனமோவைப் போலக் கம்பிச்சுருளால் வாசித்தன. பின்னர் வந்தவை, காந்தத்தின் திசைக்கேற்ப மின்தடை மாறும் நுண்ணிய உலோகப் படைகளால் வாசிக்கின்றன. இதற்கு வழி திறந்த கண்டுபிடிப்பை 1988 இல் செய்த அல்பேர் ஃபெர்ட், பீற்றர் குருன்பேர்க் ஆகியோருக்கு 2007 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஐ.பி.எம். நிறுவனம் 1956 இல் வெளியிட்ட முதலாவது வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. அதன் நிறை ஏறத்தாழ ஒரு தொன். அவ்வளவு பெரிய கருவியால் 50 இலட்சம் எழுத்துகளையே கொள்ள முடிந்தது. இன்றைய கைத்தொலைபேசிப் படங்கள் இரண்டைக்கூட அதில் வைக்க இயலாது.

இன்றைய வன்தட்டு கையடக்கமானது. தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது செக்கனுக்கு 90 முறை சுற்றும். எழுதி வாசிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை. காற்றுப் படையொன்றின் மீது மிதந்து செல்கிறது. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டு மேசையிலிருந்து விழுந்தால் தலை தட்டில் உராய்ந்து காந்தப் படலத்தைச் சுரண்டிவிடும். வன்தட்டின் முதல் எதிரி அதிர்ச்சியே. ஓடும்போது அதனை அசைக்கக் கூடாது.

ஒளியால் வாசிப்பது

எமது முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கீறலுக்குள் கரியைப் பூசி எழுத்தைத் தெரியச் செய்தனர். கீறிய இடம் ஒரு குறி, கீறாத இடம் வெறுமை. இறுவட்டும் ஒருவகையில் ஓர் ஏடுதான். தொழிற்சாலையில் செய்யப்படும் இறுவட்டின் பிளாஸ்ரிக்கில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள், நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரே பாதையில் பதிக்கப்பட்டிருக்கும். அப்பாதையை நீட்டினால் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் வரும். மேலே அலுமினியம் பூசப்பட்டிருக்கும். லேசர் ஒளி அதன்மேல் பட்டுத் திரும்புகிறது. பள்ளத்தின் விளிம்பில் ஒளி மாறும், சமமான இடத்தில் மாறாது. மாறினால் 1, மாறாவிட்டால் 0.

பாட்டு இறுவட்டு 1982 இல் விற்பனைக்கு வந்தது. அதே அளவான தட்டில் கணனிக்குரிய தகவல்கள் 700 மெகாபைற் வரை கொள்ளும். ஆனால், ஸ்ரூடியோவில் திருமண வீட்டுப் படங்களை 'எழுதித்' தரும் இறுவட்டில் உண்மையான பள்ளங்கள் இல்லை. அதில் ஒரு சாயப் படை உண்டு. லேசர் சுட்ட இடத்தில் சாயம் மாறுகிறது. வெயிலும் வெக்கையும் சாயத்தை மங்கச் செய்யும். வேட்டி வெளுப்பதுபோல இறுவட்டும் வெளுக்கும். யன்னல் ஓரத்தில் வைத்திருந்த திருமண இறுவட்டு பத்து வருடங்களின் பின் வாசிக்க மறுப்பதற்கு இது ஒரு காரணம். கீறலும் பூஞ்சணமும் ஏனைய காரணங்கள்.

மின்னேற்றத்தை அடைத்து வைப்பது

பென்ட்றைவ், மெமறிக் காட், கைத்தொலைபேசி ஆகிய மூன்றிலும் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. அவற்றில் இருப்பது சிறிய சிலிக்கன் சில்லு. இம்முறையை ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த பியூஜியோ மசுவோக்கா 1984 இல் உலகுக்கு அறிவித்தார். பென்ட்றைவ் 2000 ஆம் ஆண்டில் கடைகளுக்கு வந்தது.

கிணற்றடியில் வாயும் குழாயும் இல்லாத, நான்கு பக்கமும் மேலும் கீழும் மூடிய ஒரு சீமெந்துத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். அதற்குள் தண்ணீர் ஏற்றுவதற்கு ஒரே வழி, பெரும் அழுத்தத்தால் சுவரூடாகவே தண்ணீரைக் கசியச் செய்வதாகும். அழுத்தம் நின்றதும் உள்ளே போன தண்ணீர் வெளியே வர முடியாது. சில்லில் உள்ள ஒவ்வொரு சிற்றறையும் இத்தகைய தொட்டியே. தண்ணீருக்குப் பதிலாக இலத்திரன்கள், சீமெந்துக்குப் பதிலாக மின் கடத்தாத படை. தொட்டியில் இலத்திரன் இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் மற்றக் குறி. 32 கிகாபைற் மெமறிக் காட் ஒன்றில் 25,600 கோடிக் குறிகள் உள்ளன.

ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் சுவர் சிறிது பழுதடைகிறது. சில ஆயிரம் முறை எழுதி அழித்த பின் சுவர் ஒழுகத் தொடங்கலாம். மேலும், விலை குறைவதற்காக இன்று ஒரே தொட்டியில் நான்கு, எட்டு, பதினாறு நீர்மட்டங்களை வைத்து இரண்டு, மூன்று, நான்கு குறிகளைச் சேமிக்கின்றனர். மட்டங்கள் நெருங்கினால் சிறு கசிவும் வாசிப்பைப் பிழையாக்கும். மின் தொடர்பே இல்லாமல் பல வருடங்களாக அலுமாரிக்குள் கிடக்கும் பென்ட்றைவ் வெறுமையாகிப் போவதற்கு இதுவே காரணம். வெக்கை இக்கசிவை விரைவுபடுத்தும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கைத்தொலைபேசி கிணற்றுக்குள் விழுந்தபோது சில்லில் இருந்த குறிகள் பெரும்பாலும் கலைந்திருக்காது. ஆனால், இன்றைய கைத்தொலைபேசிகள் படங்களை மறைகுறியாக மாற்றி, பூட்டிய நிலையிலேயே சில்லில் எழுதுகின்றன. பூட்டின் திறப்பு அதே கைத்தொலைபேசியின் பிரதான சில்லோடு இணைந்துள்ளது. தண்ணீர் புகுந்து அப்பகுதி பழுதடைந்தால் சேமிப்புச் சில்லைக் கழற்றி வேறு கருவியில் வைத்தும் வாசிக்க முடியாது. களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, திறப்புத்தான் கிணற்றுக்குள் போய்விட்டது.

அழித்தது அழிந்ததா?

'அழி' என்ற பொத்தானை அழுத்தினால் படம் உடனே அழிந்துவிடுகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். ஒவ்வொரு களஞ்சியத்திலும் எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. அழிக்கும்போது பெரும்பாலும் அப்பட்டியலில் உள்ள பெயரே வெட்டப்படுகிறது. நிவாரணப் பட்டியலில் பெயர் வெட்டுப்பட்டாலும் குடும்பம் கொட்டிலில் இருப்பதைப்போல, படமும் அவ்விடத்தில் இருக்கும். வேறொரு படம் வந்து அவ்விடத்தைப் பிடிக்கும்வரை அதனை மீட்க வாய்ப்புண்டு.

இதனால் இரண்டு பாடங்கள். மெமறிக் காட்டில் இருந்த முக்கியமான படத்தைத் தவறுதலாக அழித்துவிட்டால், அதில் புதிதாக எதையும் எழுதாமல் உடனே கழற்றித் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பழைய காட்டையோ கணனியையோ விற்கும்போது, அழித்துவிட்டோம் என்று நம்பி அடையாள அட்டைப் படங்களை உள்ளே விட்டு விற்கக் கூடாது.

வாசிக்கும் கருவி இல்லாமற்போதல்

குறி அழியாமல் இருந்தாலே போதுமா? இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்வு இதற்கு விடை தரும். அந்நாட்டு மன்னன் முதலாம் வில்லியம் 1086 இல் காணிகளையும் அவற்றை ஆள்வோரையும் பதிவு செய்வித்தான். தோலில் எழுதப்பட்ட அப்பதிவேட்டை இன்றும் வாசிக்கலாம். அதன் 900 ஆவது ஆண்டு நினைவாக 1986 இல் பி.பி.சி. நிறுவனம் பாடசாலைப் பிள்ளைகளின் உதவியுடன் நாட்டைப் பற்றிய புதிய பதிவேடு ஒன்றைத் தயாரித்து, அக்காலத்துப் பெரிய லேசர் தட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து வருடங்கள் செல்வதற்குள் அத்தட்டுகளை வாசிக்கும் கருவிகள் அருகிவிட்டன. 2002 இல் ஆய்வாளர்கள் பெரும் முயற்சி எடுத்தே அத்தகவல்களை மீட்டனர். 900 வருடப் பழைய ஏட்டை வாசிக்க முடிந்தது. பதினைந்து வருடத் தட்டு திண்டாட வைத்தது.

எமது அலுவலகங்களிலும் இது நடந்துள்ளது. தொண்ணூறுகளில் மீள்குடியேற்ற விபரங்களையும் பங்குப் பதிவுகளையும் நெகிழ்வட்டுகளில் வைத்தோம். ஒரு நெகிழ்வட்டு 1.44 மெகாபைற் கொள்ளும். சோனி நிறுவனம் 2011 இல் அதன் விற்பனையை நிறுத்தியது. இன்று அவற்றைச் செருகுவதற்கு ஒரு கணனியைத் தேடித் திரிய வேண்டும். இன்றைய மடிக்கணனிகள் பலவற்றில் இறுவட்டுச் செருகும் இடமும் இல்லை. ஆகவே, புதிய களஞ்சியம் வரும்போது பழையதில் உள்ளதை அதற்கு மாற்றிவிட வேண்டும். விதை வெங்காயத்தை எத்தனை கவனமாகத் தூக்கி வைத்தாலும், காலத்தில் நட்டுப் புதிய விதை எடுக்காவிட்டால் அது கோதாகிவிடும் அல்லவா?

முகில் வானத்தில் இல்லை

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் "முகிலில் போட்டு வையுங்கோ" என்று சொல்வார்கள். இம்முகில் வானத்தில் இல்லை. பெரிய நிறுவனங்கள் ஏதோ ஒரு நாட்டில் கட்டியுள்ள கட்டடங்களில் அடுக்கி வைத்திருக்கும் வன்தட்டுகளும் சில்லுகளுமே அது. எமது கிணற்றில் கைத்தொலைபேசி விழுந்தாலும் அங்குள்ள படம் நனையாது. இது பெரிய நன்மை. ஆனால், கடவுச்சொல்லை மறந்தால் வாசல் பூட்டப்பட்டுவிடும். இரண்டு வருடங்களாக எவரும் திறக்காத தனியாள் கணக்கை அழிக்கலாம் என கூகிள் நிறுவனம் 2023 இல் விதி செய்துள்ளது. ஆகவே, முகிலும் ஒரு களஞ்சியமே. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஒரே பிரதி என்னும் ஆபத்து

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. அக்காட்சியைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் உயிர் நீத்தார். அந்நூலகத்தில் இருந்தவற்றுள், வேறு வீடுகளிலும் வேறு நூலகங்களிலும் பிரதி இருந்தவை எமக்கு மீண்டும் கிடைத்தன. ஒரே பிரதியாக இருந்தவை என்றென்றைக்குமாகப் போயின. காத்தது அலுமாரியின் உறுதியல்ல, வேறிடத்தில் இருந்த இன்னொரு பிரதியே. இப்பாடத்தை உணர்ந்த இளைஞர்கள் 2005 இல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். எமது நாட்டுத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் பல்லாயிரக்கணக்கில் அங்கே படமாக்கப்பட்டு, உலகின் எப்பகுதியிலிருந்தும் வாசிக்கக்கூடியனவாக உள்ளன.

பிரதிகளைப் பிரித்து வைக்கும் இவ்வழக்கம் எமக்குப் புதியதன்று. எமது நாட்டில் நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூலப்பிரதியைக் காணிக்காரருக்குக் கொடுக்கிறார். ஒரு பிரதியைத் தமது கோவையில் வைக்கிறார். இன்னொரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். ஒரே உறுதி மூன்று இடங்களில் இருக்கிறது. கணனி அறிஞர்களும் இன்று இதையே கூறுகின்றனர்: மூன்று பிரதிகள், குறைந்தது இரண்டு வகையான சாதனங்கள், ஒரு பிரதியாவது வேறு ஊரில்.

நாம் செய்யக்கூடியவை

1. கைத்தொலைபேசிப் படம் உறுதியாகிவிடாது. வங்கியும் நீதிமன்றமும் கேட்பது மூல உறுதியை, அல்லது காணிப் பதிவகத்தில் பெற்ற உறுதிப்படுத்திய பிரதியை. ஆகவே, மூலத்தை மடிக்காமல், கறையானும் ஈரமும் அணுகாதபடி மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். மூலத்தை லமினேற் செய்ய வேண்டாம். ஒட்டியதைப் பின்னர் பிரிக்க முடியாது.

2. பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், ஒவ்வொரு பக்கத்தையும் பின்பக்கத்தையும் முத்திரையையும் படம் எடுங்கள். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள் ஆகியவை படத்தில் தெளிவாகத் தெரிகின்றனவா எனப் பெரிதாக்கிப் பாருங்கள்.

3. இவ்விபரங்களை ஒரு கொப்பியில் பேனையால் எழுதியும் வையுங்கள். இக்கொப்பிக்கு மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

4. படத்தைக் கைத்தொலைபேசியில் ஒன்று, பென்ட்றைவில் ஒன்று, வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான உறவினரிடமோ முகிலிலோ ஒன்று என மூன்றாக வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எழுத்துகள் மங்கக்கூடும். ஆவணமாக அனுப்புங்கள். குழுக்களில் உறுதிப் படத்தைப் போட வேண்டாம். காணி மோசடி செய்வோருக்கு அது வழிகாட்டும்.

5. கணனியிலிருந்து பென்ட்றைவைச் சடுதியாக இழுக்க வேண்டாம். எழுதி முடிந்ததுபோலத் தோன்றினாலும் கணனி இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பின்னரே கழற்றுங்கள்.

6. கீரிமலை, மாதகல் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று உலோகத் தொடுமுனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். பென்ட்றைவையும் காட்டையும் இறுக மூடும் போத்தலில், மருந்துக் குப்பிகளுக்குள் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொதியையும் சேர்த்து வையுங்கள். வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம்.

7. வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலை ஒட்டி ஒரு நாளில், எல்லாப் பிரதிகளையும் திறந்து பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிய பென்ட்றைவுக்கு மாற்றுங்கள்.

அந்தத் தாயின் கதை இன்னும் முடியவில்லை. காலஞ்சென்ற அவருடைய கணவர், மகளின் பழைய கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உறுதி இலக்கத்தையும் திகதியையும் நொத்தாரிசின் பெயரையும் எழுதி வைத்திருந்தார். அந்த மூன்று வரிகளை வைத்துக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதியைப் பெற்றனர். கிணற்றில் விழுந்த கைத்தொலைபேசியும் கறையான் தின்ற கடதாசியும் இழந்ததை, வேறிடத்தில் இருந்த ஒரு பிரதி மீட்டுத் தந்தது.

பூச்சியும் துருவும் கள்வரும் அணுகக்கூடிய செல்வத்தைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரித்தார். எமது கணனிக் களஞ்சியங்களுக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். வலிகாமம் வடக்கின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. இன்னும் தமது வளவுக்குள் கால் வைக்க முடியாத குடும்பங்களும் உள்ளன. வேலி பிடுங்கப்பட்டு, எல்லைக் கல் இல்லாமற்போன காணிக்குத் திரும்பும் நாளில், "இது எமது மண்" என்று சொல்வதற்கு எமது கையில் இருக்கப்போவது அந்த ஆவணமே. இந்த இதழை வாசித்து முடித்ததும் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து, வீட்டில் உள்ள உறுதிக்கு எத்தனை பிரதிகள் உள்ளன, அவை எங்கெங்கே உள்ளன என்று கணக்கெடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், இரண்டாவதை இன்றே எடுத்து வையுங்கள்.